அத்தாயியின் நாலு விரல்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சேந்தமங்கலத்தில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்த அதே இடத்தில்தான் இன்று என் டயர் கடை நிற்கிறது. காரைத் தூக்கும் லிப்ட் மூன்று வைத்திருக்கிறேன். நாமக்கல்லில் கடைகள் இருக்கும்போதே அங்கிருந்து வண்டிகள் என்னைத் தேடி வருகின்றன. அப்புசாமி பூட்டிய சக்கரம் கழன்றது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட என் கையிலிருந்தே நட்டு நழுவியது அத்தாயியோடு மலையேறின அன்றைக்குத்தான்.

அத்தாயி மலைமேல் வளப்பூர் நாட்டுக்காரி. மேலே கொஞ்சம் நிலம், மிளகுக் கொடி, பலா மரங்கள். புருஷன் கருப்பண்ணன் காட்டைப் பார்த்துக்கொள்வார். விளைந்ததைக் கீழே கொண்டுவந்து விற்பது இவள் வேலை. பலாப்பழங்களை பஸ்ஸில் கொண்டுவந்து என் கடை ஓரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் வாங்க ஆள் பார்க்கப் போவாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மலைப்பாதை என்றால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். முன்னொரு நாள் எதிரே வந்த லாரிக்கு வழிவிட பஸ்ஸைப் பின்னால் எடுத்திருக்கிறார்கள். கடைசி சீட்டில் இருந்தவள் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்திருக்கிறாள். பாதி டயர் ரோட்டில், பாதி டயர் அந்தரத்தில். அதிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பாள்.

போன ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் மகன் யுவராஜ் பெங்களூரிலிருந்து வந்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையை ஒட்டிப் படுத்த மாதிரி வண்டி. கம்பெனி போட்டு அனுப்பியது பதினேழு அங்குலச் சக்கரம். இவனுக்குப் பத்தொன்பது வேண்டுமாம், அகலமும் கூட வேண்டுமாம். சக்கரத்தையும் டயரையும் அங்கேயே வாங்கி வண்டி முழுக்கத் திணித்துக்கொண்டு வந்திருந்தான்.

“தம்பி, சக்கரம் பெருசானா டயர் ரப்பர் மெலிசாயிரும். குழியில உழுந்தா அடி நேரா சக்கரத்துக்குத்தான். அகலம் கூடுனா டயர் வெளிய தள்ளி நிக்கும். பாரம் ஏறி வண்டி அமுங்குச்சுன்னா மட்கார்டு விளிம்பு டயரை அறுத்துரும். பதினெட்டு வரைக்கும் போ. அதுக்கு மேல வேண்டாம்” என்றேன்.

“உங்களால முடியலீன்னா சொல்லுங்கய்யா, சேலத்துல போட்டுக்கறேன்.”

என்னால் முடியாதா? அந்த வார்த்தையை நான் எவனிடமும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. நானே உட்கார்ந்து பழசைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டு நாலையும் பூட்டினேன். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை.

அந்நேரம் அத்தாயி பஸ் இறங்கி வந்தாள். வழக்கம்போல் குனிந்தாள். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை நுழைத்தாள். நுனிதான் போனது.

“ஏனுங்க மொதலாளி, இது மலையேறுமுங்களா?”

“நான் பூட்டுன சக்கரம் எந்த மலையும் ஏறும்.”

“ஏறுறது இருக்கட்டுமுங்க. எங்கூடு போய்ச் சேருமுங்களா? நாலு விரலு போவலியே.”

“காலி வண்டிக்கு இது போதும் தாயி.”

“எங்கூட்டுக்கு என்னைக்குங்க காலி வண்டி வந்துச்சு?”

யுவராஜ் சிரித்தான். “அம்மா, பெங்களூர்ல எல்லாரும் இதான் போடறாங்க.”

“பெங்களூர்ல எத்தனை கொண்டை ஊசி வளைவு இருக்குது கண்ணு?”

மலைக்காரர்கள் வெறும் கையோடு மேலே போகமாட்டார்கள். ஆடி நோன்பி விருந்துக்கு அரிசி மூட்டை இரண்டும் பருப்பும் வாங்கி அந்த ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கியில் ஏற்ற வைத்துவிட்டாள். பிறகு பேருக்கு இருந்த பின் சீட்டில் தானும் மடங்கி உட்கார்ந்தாள்.

“நீ பஸ்ல வா, அம்மா” என்றான் மகன்.

“நீ போய்ச் சேர்ந்தியா இல்லியான்னு பஸ்ல நெஞ்சு அடிச்சுக்கிட்டு வாரதுக்கு, உங்கூடவே வாரேன். மொதலாளி, நீங்களும் ஏறுங்க. பூட்டுனவங்க உக்கோந்தாத்தான் எனக்குத் தைரியம்.”

கடைப் பையன் மாணிக்கத்திடம் கடையை விட்டுவிட்டு முன் சீட்டில் ஏறினேன்.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கின. மழைத் தூறல், மேலே போகப் போக மூடுபனி. பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வலது வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அதற்கு முழு ரோடும் வேண்டும். யுவராஜ் இடது ஓரம் ஒதுங்கி ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி இடது பக்கமாய்ச் சாய்ந்தது. பின்னால் ‘கர்ர்’ரென்று ஒரு சத்தம். ரப்பர் தீய்கிற வாடை.

“நிறுத்து சாமி! நிறுத்து!” அத்தாயி அலறினாள்.

இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயரின் ஓரம் சீவிக் கிடந்தது. சீவின இடத்தில் வெள்ளை நூல் தெரிந்தது. நூல் தெரிந்த டயர் எந்த வளைவில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரச்சுவருக்கு அப்பால் பனி மட்டும்தான் இருந்தது, அடி தெரியவில்லை. அந்த வண்டியில் ஸ்டெப்னியும் கிடையாது.

“மெதுவா ஓட்டிப் போயிரலாமுங்களாய்யா?” என்றான் யுவராஜ்.

“ஒரு அடி நகரக்கூடாது.”

கடைக்குப் போன் போட்டேன். பழைய பதினேழு அங்குலச் சக்கரங்களை பிக்கப்பில் ஏற்றிவரும்படி மாணிக்கத்திடம் சொன்னேன். அதுவரை காத்திருக்க வேண்டும். பனிக்குள் நாங்கள் நிற்பது யாருக்குத் தெரியும்? அத்தாயி ஓரத்துச் செடிகளை ஒடித்து வளைவுக்கு மேலேயும் கீழேயும் ரோட்டில் போட்டாள். சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தாள். ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் மகனின் சட்டையைப் பிடித்து மலைப் பக்கமாய் இழுத்துக்கொண்டாள்.

மாணிக்கம் வந்ததும் ஒவ்வொன்றாக மாற்றினோம். சரிவில் ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் கை விடுவது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அன்றைக்கு நட்டு இரண்டு தடவை கைநழுவி உருண்டது.

“இப்பப் பாரு தாயி.”

அரிசி மூட்டை டிக்கியில் இருக்கும்போதே விரல்களை நுழைத்தாள். நாலும் முழுசாய்ப் போயின. அப்படியும் அவள் வண்டியில் ஏறவில்லை.

“வளைவுல பாக்கோணுமுங்க.”

யுவராஜ் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். அவள் பின்னாலேயே, இடது சக்கரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நடந்தாள். அவள் பக்கத்தில் நானும் நடந்தேன். லிப்ட் மூன்று வைத்திருக்கிற அப்புசாமி, மழையில், செருப்பில்லாமல். ஒரு செருப்பு ஜாக்கி போட்ட இடத்திலேயே அறுந்து போயிருந்தது. அடுத்த வலது வளைவின் நடுவில் நிறுத்தச் சொன்னாள். வண்டி சாய்ந்தபடி நிற்கக் குனிந்து கையை விட்டாள்.

“போவுதுங்க.”

“நான் பூட்டினதாச்சே” என்றேன். குரல் மட்டும் எனக்கே கேட்கவில்லை.

அவள் ஏறிக்கொண்டாள். யுவராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்து, “போலாமாம்மா?” என்றான். ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவளைக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மீதி வளைவுகள் முழுக்க அத்தாயி சக்கரத்தின் பக்கம் காதைச் சாய்த்து வைத்திருந்தாள். நானும்தான்.