பெரியப்பா பார்த்த படகு

பெரியப்பா எழுந்து, "நான் பாத்தேன்" என்று சொன்ன அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருக்க, பெண்கள் நாங்கள் பூவரச மரத்தடியில் நின்றிருந்தோம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று உங்கள் பாடு என்றால் நாளை எங்கள் பாடு. அடுத்தவர் முறையில் போய் வலை விரித்தவருக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது. என் நைனா அப்படி விரித்தார் என்பதுதான் புகார். அதற்குச் சாட்சி சொன்னவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

புகார் கொடுத்தவர்களுக்கு அவர்களுடைய முறையன்று வலையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் படவில்லை. முன்னாலேயே யாரோ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாக நினைத்தார்கள். அன்றைக்கு விடியலில் பனிமூட்டத்துக்கு நடுவே, நைனாவின் நீலப் படகு அங்கே நின்றதைக் கரையிலிருந்து பார்த்ததாகப் பெரியப்பா சொன்னார். நைனா வீட்டில்தான் இருந்தார் என்று அம்மா சொன்னது எடுபடவில்லை. பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று கேட்டார்கள். பெரியப்பா வாயில் பொய் வராது என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்டவர் சொந்தத் தம்பிக்கு எதிராகவே சொல்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகக் கலைந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பாடு போனால் அடுப்பும் அணையும், என் படிப்பும் நிற்கும்.

நான் அப்போது பொன்னேரியில் கல்லூரி முதலாண்டு. அறிமுக உளவியல் வகுப்பில் அந்த வாரம் நினைவாற்றல் பாடம். மேடம் வரிசையாகச் சில சொற்களைச் சொன்னார். கட்டில், தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, குறட்டை. கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, 'தூக்கம்' என்ற சொல்லைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஏறக்குறைய வகுப்பே கை தூக்கியது. சத்தியம் செய்யச் சொன்னால் நான் செய்திருப்பேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. மனம் இடைவெளி விட்டுவைக்காது, தனக்குப் பழகியதைப் போட்டு அடைத்துவிடும், அப்புறம் பார்த்தது எது, அடைத்தது எது என்று அதற்கே பிரிக்கத் தெரியாது என்றார் மேடம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் என்னோடு இருந்த மனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

வீடு திரும்பும்போது, பஸ் திருப்பாலைவனம் தாண்டுகையில், பொறி தட்டியது. அந்த வாரம் ஊரில் ஒரு சாவு விழுந்திருந்தது. சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். அந்தச் சாவு மட்டும் விழாதிருந்தால், பெரியப்பா படகைப் பார்த்த நாள் எங்கள் பாடு. எந்த நாளில் யார் முறை என்பது அவருக்கு வாய்ப்பாடு மாதிரி. பனியில் ஏதோ ஒரு படகு தெரிந்ததும், பழக்கதோஷத்தில் மனம் அதைத் தம்பியின் படகாக்கிவிட்டது. பார்த்தபோது அது அவருக்குத் தப்பாகவே பட்டிருக்காது. புகார் வந்த பிறகுதான் முறை மாறியது உறைத்திருக்கும். படகு நிஜம், நீல வண்ணத்தை மட்டும் மனம் அடித்திருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனேன். வழக்கைப் பற்றி வாயே திறக்காமல், செல்போனில் பதிவு போட்டுவிட்டுச் சில சொற்களைச் சொன்னேன். வலை, செதில், முள், கூடை, ஐஸ், குழம்பு. பெரியம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தபின், நான் என்னென்ன சொன்னேன் என்று கேட்டேன். மீன் என்றுதான் தொடங்கினார். நான் மீன் என்று சொல்லவில்லை என்றதும் சிரித்தார். பதிவைப் போட்டுக் காட்டினேன். திரும்பப் போடச் சொன்னார். பிறகு சாவு விழுந்ததையும் முறை தள்ளிப்போனதையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீ ஊட்டுக்குப் போ" என்றார். கோபமா, யோசனையா என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை பயந்துகொண்டேதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவரே முதலில் எழுந்தார். "நான் பாத்தது ஒரு படகு. அது யாரோடதுன்னு மனசு சொல்லிச்சு. மனசு சொன்னத கண்ணு பாத்ததா உங்க எதிர்ல சொல்லிட்டேன்" என்றார். அப்போ அன்னிக்கு இன்னாத்துக்குப் பொய் சொன்னே என்று ஒருவர் மடக்கினார்.

"பொய் இல்ல. இப்பவும் கண்ண மூடினா நீலப் படகுதான் தெரியுது. ஆனா அது அங்க இருந்துச்சான்னு எனக்குத் தெரியல."

பிறகு பெரியவர்கள் விசாரித்ததில், புகார் கொடுத்தவர்களே அன்று இருட்டு பிரியும்போது அங்கே போய்விட்டது தெரிந்தது. அதுவரை அவர்களிடம் யாரும் நேரம் கேட்டிருக்கவில்லை. பெரியப்பா பார்த்தது அவர்களுடைய படகைத்தான். வலையில் படாததற்கு யாரும் காரணமில்லை.

இப்போது அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் கைகள் உயர்கின்றன, அப்புறம் வகுப்பே சிரிக்கிறது. கண்ணால் காண்பதும் பொய் என்று நாம் எல்லாரும் சொல்வோம். சொல்லும்போது அடுத்தவர் கண்ணைத்தான் நினைத்துக்கொள்வோம். தன் கண்ணுக்குள் பளிச்சென்று நிற்கும் ஒன்றை, இதை நம்பாதீர்கள் என்று ஊர் நடுவில் சொன்ன வேறொருவரை நான் கண்டதில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது.

எங்கள் முறை வந்தபோது நைனா தன் படகில் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பனியில் தூரத்தில் ஒரு படகு தெரிந்ததாம். "அண்ணே, அது யாருது சொல்லு" என்று நைனா வேண்டுமென்றே சீண்டினாராம். பெரியப்பா நெற்றியில் கை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "படகு" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்த நைனா, பாதியிலேயே துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.