நான் வாசித்த தந்தி

ஜில்லா போர்டு தேர்தல் ஜனங்கள் ஓட்டுப் போட்டதோடு முடிவதில்லை. ஜெயித்த மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிஜமான கூத்து அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்த நாள் வரைக்கும் மெம்பர்களை எதிராளி தள்ளிக்கொண்டு போகாமல் காப்பது தவளையைத் தராசில் நிறுக்கிற வேலை.

கதர் கட்டிய எங்கள் பக்கத்தார் தங்கள் மெம்பர்களைத் திருப்பரங்குன்றத்தில் ஒரு சத்திரத்தில் அடைத்து வைத்தார்கள். அடைத்து என்று இப்போது எழுதுகிறேன்; அப்போது தங்க வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டோம். வேளா வேளைக்கு இலை நிறையச் சாப்பாடு, வெற்றிலை, சீட்டுக்கட்டு. யாராவது கோயிலுக்குக் கிளம்பினால் கூடவே இரண்டு தொண்டர்கள் பக்தியோடு கிளம்புவார்கள்.

எனக்கு அங்கே எழுத்து வேலை. போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். கதர் கட்டினேன் என்று போர்டின் பழைய தலைவர் என்னை மூன்று ஊருக்குத் தூக்கியடித்து, கடைசியில் சீட்டைக் கிழித்துவிட்டார். அவர் கவிழ்ந்தால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். தேசத்துக்காக உழைத்தேன் என்று இன்று பெருமை பேசலாம். வயிற்றுக்காகவும்தான் உழைத்தேன்.

மெம்பர்களில் ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, காட்டை உழுது பிழைப்பவர். தமிழில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் படிப்பு. பழைய தலைவருக்கு வேண்டிய குடும்பம் என்பதால், எங்களுக்குத் தலைமை தாங்கிய மதுரை வக்கீலுக்கு அவர்மேல் எப்போதும் ஒரு கண். சம்சாரியோ காய்ச்சலில் கிடந்த தாயாரை விட்டுவிட்டு வந்திருந்தார். நல்லதோ கெட்டதோ தந்தி அடி என்று தம்பியிடம் சொல்லியிருந்தார்.

தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் காலை தந்தி வந்தது. தந்தி என்றால் இங்கிலீஷ். நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

தாயார் அபாய நிலையில், உடனே புறப்படு என்று இருந்தது.

நிமிர்ந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் வக்கீல் நின்றிருந்தார். என் முகத்திலேயே சேதியைப் படித்துவிட்டார். தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார், வேண்டாம் என்று. ஊருக்குப் போனால் இந்த ஆள் திரும்பமாட்டார், ஒரு தலை குறைந்தாலும் கவிழ்ந்தோம் என்பது எனக்கும் தெரியும்.

"ஆத்தாவுக்கு உடம்பு தேவலையாம். ஓட்டு முடிஞ்சு வந்தாப் போதுமாம்," என்றேன்.

துளிகூடத் திக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னைத் தூக்கிவாரிப் போடுவது அதுதான். பொய்யே பழகாத நாக்கு என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தந்தியை மடித்து மடியில் செருகினார். அன்றைக்குத்தான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் மயிரிழையில் ஜெயித்தோம். வெடி வெடித்தார்கள். வக்கீல் என்னைக் கட்டிக்கொண்டார். சம்சாரி கழுத்து மாலையோடு சாயங்கால ரயிலைப் பிடித்தார், ஆத்தாவுக்குப் பிடிக்கும் என்று பூந்திப் பொட்டலம் ஒன்று கையில். எனக்கு அந்த வாரமே உத்தரவு வந்தது. பழைய வேலை அல்ல, தலைமை ஆசிரியர் வேலை. கூசாமல் போய் உட்கார்ந்தேன்.

கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஓட்டுக்கு முந்தின நாள் அந்தியிலேயே தாயார் போய்விட்டதாகவும், தந்தி கண்டதும் அண்ணன் கிளம்பியிருப்பான் என்று தம்பி மறுநாள் உச்சிவரை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டதாகவும் சொன்னார். தம்பி என்ன அடிக்கச் சொன்னான் என்பதையும் விசாரித்திருந்தார். பிறகு தந்தியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"தந்தி ஆபீஸ்காரன் மாத்தி அடிச்சுட்டான் வாத்தியாரே. இப்ப நம்ம ஆளுகதானே மேல இருக்காக. அவன் வேலையில இருக்கக் கூடாது. நீங்கதான் இங்கிலீசுல மனு எழுதணும்."

என்மேல் இவருக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. முகம் தெரியாத ஒரு குமாஸ்தாவின் சோற்றில் மண் போட என் கையையே கேட்கிறார். எழுதிக் கொடுத்திருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும். பேனாவைத் தொட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

"தந்தி சரியாத்தான் வந்துச்சு அண்ணே. நான்தான் மாத்தி வாசிச்சேன்," என்றேன்.

ஓட்டுக்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"உசிலம்பட்டி என்ன சீமையிலயா இருக்கு? போய் ஆத்தா மூஞ்சியப் பாத்துட்டு, மறுநா ஓட்டுக்கு வந்து நின்னுருப்பேனே. குடுத்த வாக்க விட்டுட்டு எங்க போயிருவேன்?"

தந்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போர்டு இருந்தவரை அவர் எங்கள் பக்கமே ஓட்டுப் போட்டார், ஒரு தடவைகூட மாறியதில்லை. கூட்டத்துக்கு வரும்போது கடிதாசு, நோட்டீஸ் என்று ஏதாவது கையில் இருந்தால், பள்ளிக்கூடக் காரியமாக அங்கே நிற்கும் என்னைத் தாண்டிப் போய் வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார்.