‘உடனே’ நின்ற இடம்

ஆர்டித் குவாலே பள்ளிக்கூடத்தில் கால் வைத்த அன்று அவளுக்கு இங்கிலீஷில் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் வராது. வீட்டில் நார்வே பாஷைதான். வார்த்தைகளைக் கற்றுக்கொண்டுவிட்டாள், அவை எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. “இப்போது போகிறேன் நான் வீட்டுக்கு” என்று வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று சொன்னாள். பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த வெறி அது. ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் அதில் எந்தச் சொல் இடம் மாறி நிற்கிறது என்று அவள் கண் தானாகத் தேடும்.

காலேஜ் பக்கம் போனதில்லை. எல்ம் ரிட்ஜ் என்ற ஊரின் வாரப் பத்திரிகையில் பிழை திருத்தப் போனவள், சில வருஷத்தில் ஒரு சின்னப் பத்தியும் எழுத ஆரம்பித்தாள். ஊர்க்காரர்கள் அன்றாடம் பேசுகிற, எழுதுகிற வாக்கியங்கள்தான் விஷயம். “நேற்று வேலி தாண்டிய கன்றைப் பார்த்தேன்” என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தால், வேலி தாண்டியது நேற்றா, பார்த்தது நேற்றா என்று கேட்டு அரைப் பக்கம் எழுதுவாள். அமெரிக்காவில், வடக்கு அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் அதையும் படிக்க ஆள் இருந்தது. காபிக் கடைக்குள் அவள் நுழைந்தால், “டேய், ஆர்டித் வந்தாச்சு. அவனவன் வார்த்தையை எடுத்து அதது இடத்துல வைங்கடா!” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அந்தக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ரோண்டா பெட்ரி, “என் புருஷனுக்கு வார்த்தையே கிடையாது, அவனை விட்டுடுங்க” என்பாள். அவள் புருஷன் டுவேன் மூலையில் உட்கார்ந்து முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றபடி சிரிப்பான்.

டுவேன் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் வேலை செய்தான். கிடங்கின் மேனேஜர் ஆர்டித்தின் கணவர் லைல்.

எண்பத்தி ஏழு மார்ச்சில் அது நடந்தது. முந்தைய அறுவடையில் மக்காச்சோளம் ஈரமாகவே வந்திருந்தது. பெரிய இரும்புக் களஞ்சியத்துக்குள் மேலாகக் கட்டி பிடித்து, அடியில் இருந்து சோளம் இறங்க மறுத்தது. வெளியே தண்டவாளத்தில் ரயில் பெட்டிகள் காத்து நின்றன. டுவேன் உள்ளே இறங்கிக் கம்பியால் கட்டியை உடைத்தான். அடியில் சோளத்தை இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கட்டி உடைந்த மறுகணம் சோளம் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பக்கவாட்டில் தகரத்தை அறுத்து அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

லைல் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையெல்லாம் சோளத்தூசியோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உடனே உள்ள போய் உடைடான்னு சொன்னேன் ஆர்டி,” என்றார். “ரயில்காரன் கத்திக்கிட்டு இருந்தான். உடனே போன்னுட்டேன். மோட்டாரை நிறுத்திட்டுப் போன்னு வாய்ல வரல. கயித்தைக் கட்டிக்கோன்னும் வரல.”

அடக்கத்துக்குப் போனார்கள். ரோண்டா அவர் கையைப் பிடித்து, “நீங்க அவன்கிட்ட நல்லாத்தான் நடந்துக்கிட்டீங்க” என்று சொன்னாள். லைல் கையை உருவிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

தொழிலாளர் பாதுகாப்பு விசாரணை வந்தது. கூட்டுறவின் காப்பீட்டுக் கம்பெனிக்காக வாதாடும் வக்கீல் ஒருவர், ஸ்ட்ரேண்ட் என்று பெயர், நகரத்திலிருந்து வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர். லைல் சொன்னதை வைத்து ஒரு வாக்குமூலம் டைப் செய்து கொண்டுவந்திருந்தார்.

“நீங்க பாஷையில கெட்டின்னு சொன்னாங்க. ஒரு தடவை பார்த்துடுங்கம்மா.”

ஆர்டித் பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள். இரண்டாம் பத்தியில் இப்படி இருந்தது: கட்டி பிடித்திருப்பது தெரிந்ததும் நான் உடனே அவனை உள்ளே போகச் சொன்னேன்.

அவள் பென்சில் அங்கேயே நின்றது. “இவர் சொன்னது இது இல்ல. அவனை உடனே உள்ள போகச் சொன்னேன்னுதான் சொன்னாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானே? ஒரு வார்த்தை முன்ன பின்ன இருந்தா என்ன?”

“ஒண்ணுதான்னா மாத்திடுங்களேன்.”

ஸ்ட்ரேண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மழுப்பவில்லை. “சரி, உங்ககிட்ட மறைக்க முடியாது. என் வாக்கியத்துல இவரு காலம் கடத்தாம சொன்னாரு. அவன் எப்பப் போகணும், எதை நிறுத்திட்டுப் போகணும்னு தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது அவன் பொறுப்பு. நீங்க சொல்ற மாதிரி வச்சா, இவரு அவனை மோட்டாரை நிறுத்தக்கூட விடாம விரட்டினதா ஆயிடும். அந்தப் பையன் போயிட்டான்மா. இவரு இருக்காரு. நீங்க இருக்கீங்க. யோசிச்சு அனுப்புங்க.”

அவர் போனதும் லைல் தாளைத் தொடவே இல்லை. “நீ எங்க வைக்கிறியோ அங்க இருக்கட்டும்,” என்றார்.

“என் தலையில கட்டாதே.”

“உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சது எந்தச் சொல் எங்க நிக்குதுங்கறது. நீ என்ன சொன்னேங்கறது உனக்குத்தான் தெரியும்.”

இப்படிச் சொன்னாளே ஒழிய, தாள் அவள் மேஜையில்தான் கிடந்தது. மறுநாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ‘உடனே’யைச் சுழித்து ஒரு அம்புக்குறி போட்டால் முடிந்தது. பத்திரிகை அலுவலகத்தில் ஓயாமல் செய்கிற காரியம். ஆனால் லைலுக்கு வேலை போகும். ஊரில் தலை நிமிர முடியாது. ஏற்கெனவே அவர் தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்துவிடுகிறார். அதற்கு மேலும் ஒன்றை அவர் தாங்குவாரா? தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் தாளை உறையில் போட்டு, ஒட்டி, கொடுத்துவிட்டாள். பென்சில் குறி ஒன்றும் அதில் இல்லை.

விசாரணை மாவட்ட அலுவலகத்தின் மாடியில் நடந்தது. ரோண்டா தன் மாமியாரோடு முன் வரிசையில் இருந்தாள். லைல் வாக்குமூலத்தை வாசித்தார். இரண்டாம் பத்தி வந்தது. “கட்டி பிடித்திருப்பது தெரிந்ததும் நான் உடனே” என்ற இடத்தில் நின்றார். மறுபடி “நான் உடனே” என்றார். ஸ்ட்ரேண்ட் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

லைல் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இது நான் பேசற மாதிரி இல்ல,” என்றார் அதிகாரியிடம். “உடனே உள்ள போன்னு சொன்னேன். அவன் மோட்டாரைக் காட்டினான். பாத்துக்கலாம் போன்னேன். அவன் போனான். அவ்வளவுதாங்க.”

மோட்டாரை டுவேன் காட்டியது ஆர்டித்துக்கே அன்றுதான் தெரியும். முன் வரிசையில் மாமியார்க்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரோண்டா அவள் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

கூட்டுறவுக்கு அபராதம் விழுந்தது. லைலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊர் அவர்கள் நினைத்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. சிலர் லைலைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். வேறு சிலர் வந்து தோளைத் தொட்டார்கள். வினோதம், அந்தப் பாராட்டில் பாதி ஆர்டித்துக்கு வந்தது. “நீ வளர்த்த நேர்மை அது. ஒரு வார்த்தை தள்ளி நிக்க விடமாட்டியே!” என்று பாதிரியார் தேவாலய வாசலில் எல்லார் முன்னிலும் சொன்னார். ஆர்டித் வாயைத் திறந்தாள்; பின்னால் நின்றவர்கள் அதற்குள் அவள் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மே மாதத்தில் ரோண்டா வீட்டைக் காலி செய்வதாகக் கேள்விப்பட்டு ஆர்டித் போனாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள். ரோண்டாவின் சின்ன மகள் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ரோண்டா, அந்தத் தாள் என் கைக்கு வந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே அனுப்பினேன். டுவேன் மேல பழி விழும்னு தெரிஞ்சே அனுப்பினேன். எல்லாரும் என்னைத்தான் நல்லவங்கறாங்க.”

ரோண்டா தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அதை ஏன் என்கிட்ட கொண்டுவரீங்க?”

“உனக்குத் தெரியணும்னு.”

“தெரிஞ்சுகிட்டேன். நான் என்ன பண்ணணும்? பரவாயில்லைன்னு சொல்லணுமா? என்னால முடியாதுங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னதையே இன்னும் என்னால முழுங்க முடியல. தினம் கேட்குது. அவன் மோட்டாரைக் காட்டினானாம்.”

மன்னித்துவிடு என்று ஆர்டித் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோண்டா கதவைக் காட்டியிருப்பாள் என்று பின்னாளில் தன் தங்கையிடம் சொன்னாள்.

அந்த ஞாயிறு அவள் பாதிரியாரிடமும் உள்ளதைச் சொன்னாள், வாசலில், மற்றவர் காது படவே. அதன்பின் பாராட்டு நின்றது. லைல் பக்கத்து ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரும், தினமும் நேரமாகிறது என்று பெற்றோர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆர்டித் பத்தி எழுதுவதை விட்டுவிட்டாள். ஆசிரியர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்து ஓய்ந்தார். பிழை மட்டும் திருத்தினாள், கண் மங்கும்வரை. ஏதாவது ஒரு வாக்கியம் இரண்டு விதமாகப் பொருள் தந்தால், அவளாகத் திருத்துவதில்லை. எழுதியவருக்குப் போன் போடுவாள். “இதுல நீங்க சொல்ல வந்தது எது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பாள்.