ஒன்றும் நடக்காத ஏகாதசி

“ஒண்ணுமே நடக்கலையே! அப்புறம் எதுக்கு அந்த ரூமு?” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சுவரோரத்துப் பெஞ்சியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க எனக்கு வரும். உள்ளே இருந்தது வேறு.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏன் என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

நான் தண்ணீரைப் பரிசோதிக்கப் படித்தவள். சென்னையில் அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில், உதவிச் சம்பளத்தோடு படித்தேன். அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்: உப்பு வரி, நில வரி, சாராயக் குத்தகை. வையம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த காட்டில் சோளம் விதைத்தவரும், காலணாவுக்கு உப்பு வாங்கியவளும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் அவர்கள் குடிக்கும் தண்ணீர் என் பொறுப்பு என்று நினைத்தேன். திமிர் என்று சொன்னவர்கள் உண்டு.

படிப்பு முடிந்து பாலக்கரையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், திருவிழாச் சுகாதாரக் கமிட்டியில் வேலை கிடைத்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடும் ஜனங்களுக்குக் காலரா வராமல் பார்த்துக்கொள்ளும் கமிட்டி அது. மாகாண அரசாங்கம் பரீட்சார்த்தமாக ஒரு சிறிய பரிசோதனை அறைக்குப் பணம் கொடுத்திருந்தது. ஏகாதசி முடிந்தபின் அறையைத் தன் செலவில் வைத்துக்கொள்வதா மூடுவதா என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டும். அறையில் இருந்தவை: மண்ணெண்ணெய் விளக்கால் சூடேறும் ஒரு பெட்டி, நீராவிப் பாத்திரம், ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், நான்.

வேலை எளிது. கிணற்றுத் தண்ணீரைப் பித்த உப்புக் கலந்த ஒரு கஷாயத்தில் விட்டு, உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். தண்ணீரில் மலம் கலந்திருந்தால் கஷாயம் நிறம் மாறும்; உள்ளே கவிழ்த்து வைத்த சிறு குழாயில் காற்று சேர்ந்து குமிழியாக நிற்கும். அந்தக் குமிழிக்கு அர்த்தம் சொல்ல, எங்கெங்கோ பலர் பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த நோயாளியும் அவர்களுக்குப் பீஸ் கொடுத்திருக்க மாட்டான். கடைக்காரன் எவனும் அதற்கு முதல் போட்டிருக்கவும் மாட்டான். குமிழியை விற்க முடியாது.

அந்த மார்கழியில் ஆற்றுக்கு மேலே சில கிராமங்களில் காலரா என்று செய்தி வந்தது. கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். போடுவதற்கு முன்னும் போட்ட மறுநாளும் நான் தண்ணீர் எடுத்தேன். மற்றக் கிணறுகள் எல்லாம் சுத்தமாயின. ஒரே ஒரு கிணறு பவுடர் போட்டபின் முன்னைவிட மோசமாகியிருந்தது. அது யாத்திரிகர்களுக்குச் சமைத்துப் போடும் ஒரு சத்திரத்தின் கிணறு. ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் அதிகம் பேர் குடிக்கப்போவது அந்தத் தண்ணீரைத்தான்.

சுகாதார அதிகாரியிடம் சொன்னேன். அவர் வைத்தியம் படித்தவர். குழாய்களைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

“கையைக் கழுவிட்டுத்தானேம்மா வேலை பாத்தீங்க?”

“கழுவிட்டுத்தான் சார்.”

“மருந்து போட்டா தண்ணி கெட்டுப் போகுமா? சயன்ஸ்ல அப்படி ஒரு கிணறு கெடையாது. கமிட்டியில இதைச் சொன்னா சிரிப்பாங்க.”

கமிட்டி சிரித்துவிடுமே என்ற கவலைதான் அவருக்கு. யாத்திரிகர்கள் வாந்தி எடுத்துச் சாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை, அதே கையால், அதே கஷாயத்தில் விட்டு அவர் கண்முன் வைத்தேன். மறுநாளும் அது நிறம் மாறாமல், குமிழி இல்லாமல் இருந்தது. “கை சுத்தந்தான் சார்,” என்றேன். “அப்ப அவங்க ஊத்துன செம்பு அழுக்கா இருக்கும்,” என்றார்.

அதில் மட்டும் நியாயம் இருந்தது. சத்திரத்தில் என் பாட்டிலைக் கிணற்றில் இறக்க விடவில்லை. நான் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். என் கை பட்ட பாட்டில் சமையலுக்கு மொள்ளும் தளிகைக் கிணற்றில் இறங்கக் கூடாது. அவர்களே செம்பில் மொண்டு ஊற்றினார்கள். மறுபடி போனேன். சத்திரத்துக் காரியஸ்தர் நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு வாசலிலேயே மறித்தார்.

“வாங்கோ. இன்னிக்கும் தண்ணியா? காவேரியே வத்திடும் போலிருக்கே உங்களுக்கு மொண்டு குடுத்து!”

“இன்னைக்கு பாட்டிலை உள்ளே இறக்கணும் ஸ்வாமி.”

“அது மட்டும் நடக்காது. மடிக் கிணறு.”

“இதுவும் மடிதான். நீராவியில வேக வெச்சது. அதுக்கப்புறம் யார் கையும் உள்ளே படலை, என் கை உட்பட. வாயில காகிதம் கட்டியிருக்கு பாருங்க. தொட்டா தீட்டு, மறுபடி வேக வெக்கணும்.”

அவர் பாட்டிலை எட்ட நின்றே சுற்றிப் பார்த்தார். “தொட்டா தீட்டா?”

“ஆமா.”

“காத்து பட்டா?”

“அதுவும் தீட்டுதான்.”

“அடேயப்பா! எங்காத்து மாமியாரைத் தோக்கடிச்சுடும் போலிருக்கே உங்க மடி!” என்று சிரித்தார். பிறகு நான் காகிதத்தை உருவியதும் அவரே கயிற்றைப் பிடித்துப் பாட்டிலை இறக்கினார்.

குழாயில் மறுபடியும் குமிழி நின்றது. ஆகவே கையும் செம்பும் காரணமல்ல, கிணறுதான். ஆனால் ஏன்?

அடுத்த முறை பவுடர் போடும் நாளில் நான் சத்திரத்து முற்றத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். கமிட்டி ஆள் வந்தார், வாளியில் கரைத்தார், கிணற்றில் கொட்டினார், போனார். அவர் தெரு முனை திரும்பியதும் காரியஸ்தர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வைதிகர் ஒருவர் வந்து மந்திரம் சொன்னார். ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தீர்த்தம் வந்து கிணற்றில் இறங்கியது.

“என்ன ஸ்வாமி இது?”

“புண்யாகவாசனம். கண்டவா கையால கண்ட பொடியையும் கொட்டிட்டுப் போறான். அந்த ஜலத்துல, பக்தாளுக்கு அன்னம் போடற ததியாராதனைக்குத் தளிகை பண்ண முடியுமா? காவேரித் தீர்த்தம் விட்டுக் கிணத்தைச் சுத்தி பண்ணிடறோம். நீங்க மருந்து போடறதைத் தடுக்கலையே நாங்க?”

அவர் ஒளிக்கவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பவுடரின் பலம் தீரும்வரை அண்டா அண்டாவாக ஆற்றுத் தண்ணீர். அதுவும் மேலே காலரா கண்ட கிராமங்களைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் மாதா கோயில் வாசலிலும் கல்தொட்டியில் தீர்த்தம் உண்டு. ஊரே விரல் நனைக்கும் அதை நான் பரிசோதித்ததில்லை. பரிசோதிக்க மனம் வந்ததும் இல்லை.

“ஸ்வாமி, சுத்தி பண்ண வேண்டாம்னு சொல்லலை. முதல்ல புண்யாகவாசனம் பண்ணிடுங்க. பவுடர் அப்புறம் போடட்டும்.”

“அப்போ பொடி தீட்டு போகாதே?”

“பொடியும் நீராவிப் பாட்டில் மாதிரிதான். அதுல உயிரா எதுவும் இருக்காது. அதுக்கு மேல எதுவும் விழக்கூடாது. விழுந்தா அதோட மடி போயிடும்.”

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஆற்றுக்கு மேலே எத்தனை ஊரில் நோய் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். “பெருமாள் சேவிக்க வரவாளுக்கு நான் இலையில விஷம் சாதிக்கப்படாது,” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கடைசியில், பவுடரைத் தம் ஆளே, ஸ்நானம் செய்துவிட்டு, தாம் பார்க்கப் போடட்டும் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். மறுநாள் குழாயில் குமிழி இல்லை. ஏகாதசிவரை வரவே இல்லை.

பரமபத வாசல் திறந்தது. கூட்டம் வந்து சாப்பிட்டது, குடித்தது, ஊர் திரும்பியது. சத்திரத்தில் ஒருவரும் நோயில் படுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம், அந்தச் சிரிப்பு.

“பாட்டில்ல தண்ணி அடைச்சு வெச்சுப் பாக்க ஒரு ரூமா? எங்க வீட்டுல ஊறுகா ஜாடிக்கே தனி ரூம் கெடையாதுங்க!”

“வியாதி வந்தா டாக்டருக்குக் குடுக்கலாம். வராத வியாதிக்கு யாருக்குக் குடுக்குறது?”

சுகாதார அதிகாரி எழுந்து பவுடரைப் பற்றிப் பேசினார். கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. மருந்து போட்டும் கெட்டுப்போன கிணறு என்று சொன்னால் தம் இலாகாவுக்குக் குறைவு என்று நினைத்திருக்கலாம். நான் எழுந்து நின்றேன். தலைவர் மிக மரியாதையாக, “நீங்க உக்காருங்கம்மா, நல்லாத்தான் வேலை பாத்தீங்க,” என்றார். நின்றபடியே சொன்னேன்: “ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றீங்களே, அதுதான் சார் நாங்க செஞ்ச வேலை.” குரல் உயரவில்லை. உயர்த்தியிருக்க வேண்டும்.

செத்தவர்களுக்குக் கணக்கு உண்டு. அன்று சாகாமல் ஊர் திரும்பிய ஒருத்திக்கும் தான் சாகவில்லை என்று தெரியாது. அவள் வந்து எங்களுக்காகக் கமிட்டியில் பேச மாட்டாள். கட்டிய பாலத்தைப் பார்க்கலாம், ஏற்றிய விளக்கைப் பார்க்கலாம், மாலை போட்டுப் படமும் எடுக்கலாம். வராத காலராவுக்கு மாலை போட முடியாது என்பதால் எங்கள் அறையை மூடினார்கள்.

நான் கண்டதைச் சென்னைக்கு எழுதியிருந்தேன். புண்ணிய ஸ்தலங்களில் கிணற்றுச் சடங்கு முடிந்தபிறகே மருந்து போட வேண்டும் என்று பிறகு ஓர் உத்தரவு வந்ததாகக் கேள்விப்பட்டேன். எங்கெங்கோ உள்ள சத்திரங்களில் யார் யாரோ நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான். கோபத்தை அது குறைக்கவில்லை.

அடுத்த மார்கழி பிறந்ததும் ஒரு காலை, பாலக்கரையில் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் காரியஸ்தர் நின்றார். ஆற்றைக் கடந்து, எங்கள் தெருவரை, கையில் பித்தளைச் செம்போடு வந்திருந்தார். செம்பின் வாயில் காகிதம் கட்டியிருந்தது.

“வேக வெச்ச செம்பு. நானே கட்டினேன். யாரும் தொடலை,” என்றார். “மேல மறுபடி வியாதிங்கறா. கிணறு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லிடுங்கோ. நீங்க சொன்னாத்தான் அடுப்பு மூட்டுவேன்.”

செம்பை வாங்கிக்கொண்டேன். கஷாயம் இல்லை, குழாய் இல்லை, சூட்டுப் பெட்டி இல்லை. மூடிய அந்தப் பரிசோதனை அறையில் இப்போது பந்தல் மூங்கிலும் கயிறும் அடுக்கியிருந்தார்கள்.

“காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க ஸ்வாமி,” என்றேன்.

“அது எனக்கே தெரியுமே. அத்தனை பேருக்குக் காய்ச்ச விறகுக்கு எங்கே போவேன்? கிணறு நல்லதா கெட்டதா, அதைச் சொல்லுங்கோ.”

“தெரியலை,” என்றேன்.

காகிதத்தைப் பிரித்து உள்ளே பார்த்தேன். தண்ணீர் செம்புக்குள் தெளிவாகத்தான் இருந்தது. கெட்ட தண்ணீரும் அப்படித்தான் இருக்கும்.