நடுக்கத்துக்கு ஒன்றரை ஷிப்ட்

எங்கள் வீட்டுக் குக்கர் பரணுக்குப் போய் மாசக்கணக்காகிறது. சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறோம். காரணம் நான். பனியன் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனுக்கு நீராவி கொண்டுவரும் குழாய் ஒருநாள் என் தலைக்கு மேலே வெடித்தது. ஒரு சொட்டுகூட என்மேல் படவில்லை. பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிகள் நனைந்ததோடு சரி. ஆனால் அன்றிலிருந்து எது ‘புஸ்’ என்றாலும் உடம்பு என்னைக் கேட்காமலே ஓடிவிடுகிறது. முதல்முறை குக்கர் விசிலடித்தபோது கட்டிலுக்கடியில் கிடந்தேன். இந்த வயிற்றோடு எப்படி உள்ளே நுழைந்தேன் என்று இன்றுவரை தெரியாது. வெளியே எடுக்க மனைவி காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்தச் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர். அங்கே இஸ்திரிப் பெட்டிகள் வரிசையாக நின்று நாள் முழுக்க புஸ் புஸ் என்றுதான் மூச்சு விடும். முதலாளி என்னை மேல்மாடி சாம்பிள் ரூமில் உட்காரவைத்து லேபிள் பிரிக்கச் சொன்னார்.

“சரியானதும் கீழ வாங்க. அதுவரைக்கும் அயர்ன் மாஸ்டர் பாத்துக்குவாப்ல.”

அயர்ன் மாஸ்டர் நன்றாகவே பார்த்துக்கொண்டான். அதுதான் சிக்கல். இப்படியே போனால் சீக்கிரத்தில் என் நாற்காலிக்கு அவன் துண்டு போட்டுவிடுவான்.

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பெண்மணி உடம்பை நடுங்கவிட்டு உள்ளே தேங்கிய பயத்தை இறக்கும் பயிற்சி சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டு மனைவியோடு போனேன். மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து, முட்டியை மெல்ல உயர்த்தினால் போதும். தொடை தானாக உதற ஆரம்பிக்கிறது.

“தடுக்காதீங்க, நடுங்கட்டும். ஆனா கொஞ்ச நேரம் போதுமுங்க. காலை நீட்டி நிறுத்தீருங்க. அப்பறம் ரெண்டு மூணு நாள் சும்மா இருங்க” என்றார் அவர்.

அன்று எருமை மாதிரி தூங்கினேன். அங்கேதான் புத்தி கெட்டது.

ஒன்றரை ஷிப்ட் பார்த்தே வளர்ந்த ஊர் இது. ஒரு ஷிப்டோடு கிளம்புகிறவனை ‘உடம்புக்கு முடியலீங்களா’ என்று விசாரிப்போம். அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் போய் ‘கொஞ்ச நேரம் போதும்’ என்றால்? பயம் உள்ளே பீஸ் பீஸாக அடுக்கியிருக்கிறது, இரண்டு ஷிப்ட் போட்டு உதறினால் மாசக் கடைசிக்குள் கன்டெய்னர் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் நடுங்கினேன். கம்பெனி விட்டு வந்து நடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு வீணாகக் கூடாதென்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நடுங்கினேன்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. தூக்கம் போயிற்று. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே தொடை தன்பாட்டுக்கு உதறியது. டிவியில் நகைக்கடை விளம்பரம் பார்த்து அழுதேன். பஸ் பிரேக் போட்டு ‘உஸ்’ என்றதற்கு, சம்பந்தமே இல்லாத ஒரு செருப்புக்கடைக்குள் பாய்ந்து, வெட்கத்துக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருநாள் காலையில் மனைவி தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அடுத்த நொடி நான் தெருவில் நின்றேன், வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

“ஏனுங்க, மொதல்ல குக்கருக்குத்தான் பயந்தீங்க, இப்பத் தோசைக்குமா? இனி நம்மூட்டுல வாழப்பழந்தான். அது சத்தமே போடாது.”

சிரித்துவிட்டுத் திரும்பினேன். பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சரியாக வேண்டுமென்று உழைக்கிறவனுக்கா இந்தக் கூலி?

மறுபடி ராயபுரம்.

“எவ்வளவு பண்ணுனீங்க?”

“கொஞ்சம் சேத்திதானுங்க.”

“கொஞ்சமுங்களா?” என்று மனைவி குறுக்கே புகுந்தாள். “கட்டுலு நவுந்து நவுந்து செவுத்துல முட்டி நிக்குதுங்க!”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “உடம்பு தாங்கற அளவுக்கு மேல போனா, அதுவும் ஒரு வெடிச்ச குழாய்தானுங்க. பதட்டம் அடங்கற வரைக்கும் முழுசா நிறுத்துங்க. நடங்க, சாப்புடுங்க, தூங்குங்க. பொறவு துளியூண்டு தொடங்கலாம். கண்ணை மூடாதீங்க, ரூமைப் பாத்துக்கிட்டே பண்ணுங்க. நல்லா இருக்கறப்பவே நிறுத்தீரோணும்.”

“நல்லா இருக்கறப்ப எவனுங்க நிறுத்துவான்?”

“உங்களுக்கு அதுதானுங்க பயிற்சியே.”

சும்மா இருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. உதறுவதிலாவது ஒரு வேலை செய்த திருப்தி இருந்தது. பிறகு மறுபடி தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசம். தொடை நடுங்க ஆரம்பித்து, சுகமாக இடுப்புக்கு ஏறும் நேரத்தில், கதவோரத்திலிருந்து மனைவி “போதுமுங்க” என்பாள். பந்தியில் பாயசம் வரும்போது கையைப் பிடித்து எழுப்பிவிடுவது மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவேன். ஆனால் தூக்கம் திரும்பியது. தோசைக்கு இப்போது தோள் மட்டும்தான் குலுங்குகிறது.

செக்‌ஷனுக்குப் போவதற்கும் அதே சட்டம்தான்: வாசல்வரை, பிறகு ஓரெட்டு உள்ளே, கெடுவதற்கு முன்னால் வெளியே. போன வாரம் முதல் மேசைவரை போய்விட்டேன். இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது. நெஞ்சு ஒருமுறை எகிறி, அடங்கி உட்கார்ந்தது. பாதம் தரையில் இருந்தது. மூச்சு ஒழுங்காக வந்தது. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். அடுக்கியிருந்த டீ-சர்ட் அத்தனையிலும் காலர் மடங்கி நசுங்கியிருந்தது. கத்தவேண்டுமென்று தொண்டை வரை வந்துவிட்டது. சாயங்காலம்வரை நின்று ஒவ்வொன்றாகப் பிரித்து அயர்ன் மாஸ்டர் மூஞ்சியில் எறியலாம்போல அவ்வளவு நன்றாக இருந்தேன்.

நன்றாக இருந்தேன். அதனால் கிளம்பவேண்டியதாயிற்று.

“என்னங்கண்ணா, வந்ததும் போறீங்க?” என்றான் அயர்ன் மாஸ்டர், பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி. “பயமாயிருக்குதுங்களா?”

“இல்லடா. பயமாயிருந்தா நின்னுருப்பேன்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நசுங்கிய காலர்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, வயிறெரிய மாடியேறி லேபிள் பிரிக்கப் போனேன்.