ஆர்டெல்லா சொன்ன முழுச் சாட்சி

தண்டவாளத்துக்குப் பதினைந்தடி முன்னால் மஞ்சள் பள்ளிப் பேருந்தை நிறுத்தி, ஆர்டெல்லா கெய்ன்ஸ் வலக்கையை உயர்த்துவார். பின்னாலிருக்கும் நாற்பது வாய்களும் மூடிக்கொள்ளும். காற்றாடியை அணைப்பார். தன் பக்கத்துச் சன்னலை இறக்கிக் கதவையும் திறந்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். மூன்று மூச்சு நேரம். பிறகு கதவு மூடும், பேருந்து குலுங்கிக் கடக்கும், நாற்பது வாய்களும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அந்தத் தடத்தில் ரயில் ஓடிப் பதிமூன்று வருடம் ஆகிறது. தண்டவாளத்தின் நடுவே இடுப்பளவு புதர்.

"யக்கா, செத்துப்போன ரயிலுக்குக் காது குடுக்கிற ஒரே ஆளு அலபாமாவுலயே நீதான்" என்பான் பணிமனை மெக்கானிக் க்ளீவன்.

"தண்டவாளத்தப் பேத்து எடுத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நிப்பேன்."

"வயசாயிருச்சு ஒனக்கு."

"ஒன் பிரேக்குக்குத்தான் வயசாயிருச்சு. போய்ப் பாரு."

நாற்பத்தொன்பது வயது. அகன்ற தோள். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட். இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் காலுறைகள். மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்கு. கைப்பையைத் தரையில் வைக்கவே மாட்டார். தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது வருடம் நின்றும் ஒருநாள்கூடத் தனியாகப் பாடியதில்லை. "எனக்குக் கூட்டத்தோட பாடத்தான் வரும்மா" என்பார்.

தனியாகப் பேச வேண்டிய ஒரு நாள், 2006 செப்டம்பரில் வந்தது.

அவருடைய அப்பா ஏமஸ் டாலிவர், கறுப்பர்களைத் தன் பழைய லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வாக்காளர் பட்டியலில் பெயர் எழுத வைத்தவர். 1965 ஆகஸ்டில், பட்டப்பகலில், பருத்தி ஆலைக்குப் பின்னாலிருந்த மண்சாலையில் மூன்று வெள்ளையர்கள் வழிமறித்தார்கள். "குனிஞ்சுக்கோ ஆர்டி" என்று மகளை இருக்கைக்குக் கீழே தள்ளி, கோழித்தீவனச் சாக்கை மேலே இழுத்துப் போட்டுவிட்டு அவர் இறங்கினார். இரண்டு முறை சுட்டார்கள். ஆர்டிக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையின் பேச்சை யார் எழுதிக்கொள்வார்கள் என்று அன்றைய ஷெரிஃப் கேட்டார். எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

நாற்பத்தொரு வருடம் கழித்துப் புதிதாக வந்த அரசு வழக்கறிஞர் அந்தக் கோப்பைத் தூசி தட்டினார். மூவரில் இருவர் இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர் தீவனக்கடை டுவைட் ஹார்கிஸ், எழுபத்தெட்டு வயது. அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை என்பதுதான் அவருடைய வாதம்.

விசாரணைக்கு முந்தின வாரம் ஆர்டெல்லா நடந்ததை முழுவதுமாகச் சொல்லி முடித்ததும், அந்த இளம் வழக்கறிஞர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "மிஸஸ் கெய்ன்ஸ், அந்தக் கடைசி விஷயம்... அத நானா கேக்க மாட்டேன். அதக் கேட்டா ஜூரியில ஒருத்தர் மனசு எளகினாக்கூடப் போதும், கேஸ் போச்சு. அவங்க கேட்டாலும் சுருக்கமா முடிச்சிருங்க."

"பைபிள் மேல கை வெக்கணும்ல தம்பி?"

"வெக்கணும்."

"அப்ப அதுல சுருக்கம்னு ஏதும் கெடையாது."

சாட்சிக்கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்த முகத்தோடு தொடங்கினார். "ஆர்டெல்லா, நீங்க சாக்குக்கு அடியில இருந்தீங்க—"

"மிஸஸ் கெய்ன்ஸ்."

"என்னங்க?"

"எங்கப்பாவ இந்த ஊர்ல வெள்ளக்காரச் சின்னப் பையங்கூட 'ஏய் ஏமஸ்'னுதான் கூப்பிட்டான். நான் மிஸஸ் கெய்ன்ஸ்."

பார்வையாளர் மாடத்தில் யாரோ "ஆமென்" என்றார்கள். நீதிபதி சுத்தியலைத் தொட்டார், தட்டவில்லை.

"சரி, மிஸஸ் கெய்ன்ஸ். சாக்குக்கு அடியிலேர்ந்து ஒரு மூஞ்சியும் தெரியாது. வெறும் குரல வெச்சு, நாப்பத்தொரு வருசம் கழிச்சு..."

குரல் தெரியும், சனிக்கிழமைதோறும் அவர் கடைக்குப் போனவள் நான் என்று சொல்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். அரசு வழக்கறிஞர் மேசையைப் பார்த்தபடி அதற்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

"குரல் மட்டுமில்ல. சுட்டப்புறம் அவருதான் லாரிக்குள்ள எட்டிப் பாத்தாரு. சாக்கு மேல கைய வெச்சாரு. கை என் தலையிலதான் இருந்துச்சு, வெடிமருந்து வாசம் சாக்குக்குள்ளயும் அடிச்சுச்சு. நான் நடுங்கினேன். அது தீவனம் இல்லேன்னு அவருக்குத் தெரியும். வெளிய நின்னவன், 'உள்ள எவனாச்சும் இருக்கானா'ன்னு கேட்டான். இவரு, 'ஒண்ணுமில்ல, தீவனந்தான்'னாரு. கைய எடுக்க ரொம்ப நேரமாச்சு. அந்தப் பொய்யாலதான் நான் உசுரோட இருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முகம் மலர்ந்துவிட்டது. கைக்கு வந்த கனியை விட அவருக்கு மனமில்லை. "அப்ப என் கட்சிக்காரர்தான் உங்க உயிரக் காப்பாத்தினாரு, இல்லியா?"

"ஆமா. எங்கப்பாவச் சுட்ட அதே கையால."

அந்தப் பக்கமே போகாத மனிதர் எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும் என்பது வழக்கறிஞருக்கு உறைத்தபோது அவர் தன் இருக்கைக்குப் பாதி வழி நடந்திருந்தார். ஆனால் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்த கிழவர் ஹார்கிஸ் தன் வலக்கையை மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மூன்று மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. மாடம் அழுதது, பாடியது. ஆர்டெல்லா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எல்லாரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

பேருந்துத் தடங்களை வகுக்கும் அலுவலகப் பெண்மணி பல மாதம் கழித்துச் சொல்லித்தான் இன்னொன்று தெரியவந்தது. இரண்டு வருடமாக ஆர்டெல்லாவின் முதல் நிறுத்தம் ஹார்கிஸ் வீட்டு வாசல்; ஹார்கிஸின் கொள்ளுப்பேத்தி கெய்லி அங்கேதான் ஏறுகிறாள். வழக்கு எடுக்கப்பட்டதும், அந்த நிறுத்தத்தை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்று அலுவலகமே ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. வேண்டாம் என்று கோடிட்டு, காரணம் கேட்ட இடத்தில் அவர் எழுதியது: 'நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு அங்கிருந்து ஒன்றரை மைல் நடை. பிள்ளைக்கு ஏழு வயதுதான்.'

சாட்சி சொன்ன நாளிலும், கெய்லியை ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அவர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார்.