கோணல் சுவருக்கு ஒரு மனு

ஒரகடத்தில் லாரி ஷெட் மூன்று. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு ஷெட் ஏழு. பிள்ளைப்பாக்கத்தில், மண் தாங்காது என்று இரண்டு இன்ஜினியர்கள் கைவிட்டுப் போன இடத்தில் நாலு மாடி லேபர் ஹாஸ்டல். எல்லாம் நான் கட்டியவை. படிப்பு ஐந்தாவது. இரும்புத் தூணை அஸ்திவாரத்தில் பிடித்து நிறுத்த நான் பதித்த ஆங்கர் போல்ட் இரண்டு மில்லிமீட்டர் விலகியதாக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதலில் அவருடைய டேப்பைத்தான் சோதித்திருப்பேன்.

அப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு கட்டடம் திருப்பி அனுப்பியது. கட்டட வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. முதல் மனு

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதியில்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. ஷிப்டுக்குப் போகும் பெண்கள் அதைக் குழந்தைகள் காப்பகமாக்கக் கேட்டார்கள். ஒழுகும் மேல்தளத்துக்குப் பழையபடி சுண்ணாம்பு, வாசலில் கழற்றி எடுக்கக்கூடிய சாய்தளம், பின்பக்கம் கழிவறை. வேலை அவ்வளவுதான்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி ஸ்டெல்லா, கார் சீட் தைக்கும் லைனில் வேலை. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா தை முடிந்ததும் மகள் ஊருக்குப் போவதாக இருந்தார். அதற்குள் காப்பகம் திறக்காவிட்டால் ஸ்டெல்லா வேலையை விட வேண்டியதுதான்.

மனுவோடு கட்டடத்தின் இப்போதைய டிராயிங்கும் வைக்க வேண்டும். நானே நின்று போட வைத்தேன். பதினைந்தே நாளில் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயதுப் பெண். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஸ்டெல்லாவையும் அழைத்துப் போனேன்.

"ஐயா, இது எந்தக் கட்டடம்?"

"சத்திரம் மேடம்."

"சத்திரத்துல ஒரு மூலைகூட தொண்ணூறு டிகிரி கிடையாது. உங்க டிராயிங்ல எல்லா மூலையும் தொண்ணூறு. அப்ப இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறீங்களா?"

உண்மையைச் சொன்னேன். "செவுரு கோணையா இருந்திச்சி மேடம். அப்டியே வரைஞ்சா எம்பேரு கெட்டுப்பூடும். அதான் கொஞ்சம் சரி பண்ணேன்."

"அந்தக் கோணலைத்தான் ஐயா நாங்க பாதுகாக்கிறோம்" என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா சொன்னாள்: "இன்னா பெரிப்பா, நிஜ சத்திரத்தவிட நீ பேப்பர்ல கட்னது சூப்பரா கீது. எம்புள்ளய அதுலயே தூங்க வச்சிடவா?"

தப்பு என்னுடையதுதான், மறுபடி அளக்கலாம் என்றேன். அபூர்வமான நாள் அது.

2. எஃப் எட்டு

ஸ்டெல்லாவின் வீக்லி ஆஃப் அன்று மறுபடி அளந்தோம். டேப்பின் ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் வடக்குச் சுவர் நாலு விரல் வெளியே சாய்ந்திருந்தது. பன்னிரண்டு தூணில் இரண்டுகூட ஒரே கனம் இல்லை. என் சைட்டில் இப்படி ஒருவன் கட்டியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். இங்கே ஒவ்வொரு தப்பையும் மரியாதையாக எழுதிக்கொண்டேன்.

"பெரிப்பா, மூணாவது தூணுக்கு இன்னா போட்ட?"

"ஒண்ணே கால் அடி."

"கால் கெடையாது. அரைக்கால். சரி பண்ற வேலய திரும்ப ஆரம்பிச்சிட்டியா?"

பார்த்தேன். அரைக்கால்தான். கை பழக்கம்.

டிராப்ட்ஸ்மேன் குமார் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்தான். "அண்ணே, கோடு தானா நேரா உயுதுண்ணே."

"எஃப் எட்டை அமுக்கு." கோட்டை நேராக மட்டும் விழ வைக்கும் வசதியை அந்தப் பட்டன் நிறுத்திவிடும். ஐந்தாவது படித்தவனுக்கு அது தெரிந்திருந்தது.

இரண்டாவது டிராயிங்கை அதிகாரி சத்திரத்துக்கே கொண்டுவந்து, சுவர் சுவராக ஒத்துப் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். மார்கழி முடிவதற்குள் அனுமதி வந்தது. தை கடைசி வாரம் காப்பகம் திறந்தது. அன்று ஸ்டெல்லா குழந்தையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஷிப்டுக்கு ஓடினாள்.

நான் கற்ற பாடம் இது: இருக்கிறதை இருக்கிறபடி வரைவது, புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டம்.

வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். உதவிய கம்பெனியின் பேர் இருக்கிறது. துறையின் பேர் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட ஆர்க்கிடெக்ட் பேரும் இருக்கிறது. கோணலை அளந்தவர்கள் பேர் இல்லை. என் பேரும் ஸ்டெல்லா பேரும் அதில் ஏற வேண்டும். கேட்டால், பலகையில் ஒரு வரி சேர்ப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம். மனு எழுதிவிட்டேன். பலகை அரை அங்குலம் இடப்பக்கம் சரிந்திருப்பதையும் டிராயிங்கில் அப்படியே காட்டியிருக்கிறேன்.